பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ்

கல்லீரலில் உருவாகி இரத்தத்தில் உலவும் இந்நொதி, கோலின் எஸ்டர்களை நீராற்பகுக்கிறது. நரம்பு-தசைச் சந்திப்பில் அசெட்டைல்கோலினை உடைக்கும் பணியை அசெட்டைல்கோலினெஸ்டரேஸே முடித்துவிடுவதால், இதை உபரி என ஒதுக்கியோர் உண்டு. பிறவியிலேயே இந்நொதி இல்லாதவர்களும் நலமாக வாழ்கிறார்கள் என்பது அவர்களின் வாதம், வலுவான வாதந்தான். ஆனால் அந்த நலம் அறுவை அரங்கின் வாசல்வரைதான். அங்கே தசைகளைத் தளர்த்தத் தரப்படும், சில நிமிடங்களில் சிதையவேண்டிய சக்சினைல்கோலின் மருந்து, இவர்கள் உடலில் மணிக்கணக்கில் தங்கித் தசைகளை முடக்கி மூச்சை நிறுத்துகிறது. தெளியும்வரை செயற்கைச் சுவாசமே கதி. அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் இங்கே உதவிக்கு வராது.

செயற்கை மருந்துக்காக இயற்கை நொதியைப் படைத்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் மரபணு நீக்கப்பட்ட எலிகள் நலிந்தாலும் உயிர் பிழைத்தன. அவற்றில் அசெட்டைல்கோலினை உடைத்தது இந்த ‘உபரி’ நொதியே. கரிமபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி மூலக்கூறுகளையும் நரம்பை எட்டுமுன் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தன்னோடு பிணைத்து, இந்நொதி தானே செயலிழக்கிறது.