திவாலுக்குப் பின் வீட்டுக்கடன் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அமெரிக்காவில் திவாலான ஒருவர் மறுபடி கடன் வாங்கி வீட்டுக்காரர் ஆவதை மூன்று காலக்கணக்குகள் முடிவு செய்கின்றன. திவால் நீதிமன்றம் சில மாதங்களிலேயே கடனைத் தள்ளுபடி செய்துவிடக்கூடும். கடன் அறிக்கையில் அந்தப் பதிவு பத்தாண்டு வரை நிற்கும். வீட்டுக்கடன் தருபவர்களின் காத்திருப்புக் காலம் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ முடிகிறது.

சட்டம்

நாடு முழுவதற்கும் ஒரே திவால் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசமைப்பே நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தந்திருக்கிறது. நேர்மையாக நடந்தும் நொடித்துப் போனவருக்குப் புதுத் தொடக்கம் தருவதே இச்சட்டத்தின் நோக்கம் என்று 1934-இல் 'லோக்கல் லோன் எதிர் ஹண்ட்' வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இன்று நடப்பில் உள்ளது 1978-ஆம் ஆண்டுச் சட்டம். 2005-இல் வருமானச் சோதனையும் கட்டாயக் கடன் ஆலோசனையும் சேர்த்து அதை இறுக்கினார்கள்.

தனிநபர்கள் பெரும்பாலும் நாடுவது அச்சட்டத்தின் 7-ஆம், 13-ஆம் அத்தியாயங்களை. 7-ஆவதில், விலக்கு பெற்ற உடைமைகள் போக மிச்சத்தை அறங்காவலர் விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார். விற்க எதுவும் தேறாத வழக்குகளே மிகுதி. மனுச் செய்த நான்கைந்து மாதத்தில், கடனைத் தள்ளுபடி செய்யும் விடுவிப்பு ஆணை வந்துவிடும். 13-ஆவதில் 3 முதல் 5 ஆண்டுகள் நீதிமன்றத் திட்டப்படி தவணை கட்ட வேண்டும். பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை எதிலும் தீராது. கல்விக் கடனும் எளிதில் தீராது.

விடுவிப்பு ஆணை நீக்குவது ஆளின் பொறுப்பை மட்டுமே. வீட்டின் மேலுள்ள அடமானம் அப்படியே இருக்கும். தவணை நின்றால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஏலத்தில் குறையும் தொகைக்காக ஆளைத் துரத்த முடியாது.

கடன் மதிப்பெண்ணை மீட்பது

ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்கள் கடன் வரலாற்றைத் திரட்டுகின்றன. 1970-ஆம் ஆண்டின் நியாயக் கடன் அறிக்கைச் சட்டப்படி திவால் பதிவு 10 ஆண்டுகள் வரை இருக்கலாம். 13-ஆம் அத்தியாயப் பதிவை இந்நிறுவனங்கள் வழக்கமாக 7 ஆண்டில் நீக்கிவிடுகின்றன. இந்தியாவில் சிபில் போல அங்கே ஃபைகோ மதிப்பெண், 300 முதல் 850 வரை. அதில் 35 விழுக்காடு தவணையை நாள் தவறாமல் கட்டியதற்கு, 30 விழுக்காடு கடன் நிலுவையின் அளவுக்கு. ஆகவே பழைய பதிவு நீங்குமுன்பே மதிப்பெண் ஏறத் தொடங்கும்.

பலரும் தொடங்குவது வைப்புத்தொகை கட்டி வாங்கும் கடன் அட்டையில். கட்டிய தொகையே பெரும்பாலும் கடன் வரம்பு. அதில் சிறிதளவே செலவிட்டு, மாதாமாதம் முழுவதும் அடைத்தால் போதும். அதற்கும் முன்பே செய்ய வேண்டியது, தள்ளுபடியான கணக்குகள் அறிக்கையில் நிலுவை சுழியமாகக் காட்டப்படுகின்றனவா என்று பார்ப்பது. தவறிருந்தால் அறிக்கை நிறுவனத்திடம் முறையிடலாம், பொதுவாக அது 30 நாளில் விசாரித்தாக வேண்டும். உண்மையான பதிவை யாராலும் முன்கூட்டி அழிக்க முடியாது. அழித்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் நிறுவனங்களை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும், அந்த வியாபாரம் ஓய்ந்தபாடில்லை.

காத்திருப்புக் காலம்

கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் (எஃப்.எச்.ஏ.) தானாகக் கடன் தருவதில்லை, வங்கி தரும் கடனுக்குக் காப்பீடு தருகிறது. 7-ஆம் அத்தியாய விடுவிப்பிலிருந்து அதற்கு 2 ஆண்டுகள் போதும். முன்னாள் படைவீரர்களுக்கான கடனிலும் அதே அளவு; வேளாண் துறையின் ஊரகக் கடனுக்கு 3 ஆண்டுகள்; வங்கிகளிடமிருந்து ஃபேனி மே நிறுவனம் வாங்கிக்கொள்ளும் வழக்கமான கடனுக்கு 4 ஆண்டுகள். 13-ஆம் அத்தியாயத்தில் இருப்பவருக்கு ஒரு சலுகை உண்டு: 12 மாதத் தவணையை ஒழுங்காகக் கட்டியிருந்தால், திட்டம் முடியுமுன்பே நீதிமன்ற அனுமதியுடன் எஃப்.எச்.ஏ. கடனுக்கு மனுச் செய்யலாம்.

பலர் சறுக்குவது பழைய வீட்டில். திவாலின்போது வீட்டை விட்டுக்கொடுத்ததும் கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வங்கி ஏலத்தை முடித்து உரிமையை மாற்றும்வரை பத்திரம் பழைய பெயரிலேயே கிடக்கும். சில வழக்குகளில் இது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வீடு பறிபோனதற்கு எஃப்.எச்.ஏ. விதிக்கும் தனிக் காத்திருப்பு 3 ஆண்டுகள். அது உரிமை மாறிய நாளிலிருந்துதான் தொடங்கும். கடும் நோய், சம்பாதிப்பவரின் மரணம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மணமுறிவைப் பொதுவாக அப்படிக் கருதுவதில்லை. ஃபேனி மேயில் வீடு பறிபோனதற்கு 7 ஆண்டுகள் என்றாலும், அந்த அடமானக் கடன் திவாலில் தள்ளுபடியானது என்று ஆவணத்தால் காட்டினால் திவாலுக்குரிய 4 ஆண்டுகளையே கணக்கில் கொள்ளலாம். எனவே விடுவிப்பு ஆணையையும் கடன் பட்டியலையும் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

முன்பணமும் காப்பீடும்

எஃப்.எச்.ஏ. கடனுக்கு மதிப்பெண் 580 இருந்தால் முன்பணம் 3.5 விழுக்காடு, 500 முதல் 579 வரை என்றால் 10 விழுக்காடு. வங்கிகள் இதற்கு மேலும் கேட்பதுண்டு. முன்பணம் 10 விழுக்காட்டுக்குக் குறைந்தால் காப்பீட்டுக் கட்டணம் கடன் முடியும்வரை தொடரும். வழக்கமான கடனிலோ, நிலுவை வீட்டின் தொடக்க மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு இறங்கியதும் காப்பீட்டை நீக்கக் கேட்கலாம். அதனால் எஃப்.எச்.ஏ. வழியாக வீடு வாங்கியவர்களில் பலர், மதிப்பெண் தேறியதும் வழக்கமான கடனுக்கு மாறிவிடுகிறார்கள்.