விரலுக்கு விலை பேசிய வரலாறு

தோட்ட ஆலைகளில், உறைந்த ரப்பர்ப் பாலை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்கும் வேலையில் விரலிழந்தவர்களை நம் மூத்த தலைமுறையினர் நன்கறிவர். என் பெரியப்பாவும் அவர்களுள் ஒருவர். 1960களின் தொடக்கத்தில் அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய சில நாள்களுக்குள், காப்புறுதி நிறுவனத்தின் சார்பில் இழப்பை மதிப்பிடுபவர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். அவர் குரலை உயர்த்தவில்லை. கடுஞ்சொல் ஒன்றும் கூறவில்லை. பெரியம்மா கொடுத்த தேநீரையும் அருந்தினார். ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட தாளொன்றைக் கிராணியார் வழியாக விளக்கி, இடக்கைப் பெருவிரலில் மை தடவிப் பதிவு வாங்கிக்கொண்டு, பணத்தை எண்ணி வைத்துவிட்டுச் சென்றார். இனி எவ்விதக் கோரிக்கையும் எழுப்புவதில்லை என்பதே அத்தாளின் சாரம் என்பது எங்களுக்குப் பின்னரே விளங்கிற்று.

அந்தத் தாளின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1837ஆம் ஆண்டில் பிரீஸ்ட்லி என்னும் கசாப்புக்கடைப் பணியாளர் தம் முதலாளி ஃபௌலர் மீது வழக்குத் தொடுத்தார். அளவுக்கு மீறிச் சுமையேற்றிய வண்டி முறிந்து அவர் தொடையெலும்பு உடைந்திருந்தது. நடுவர் குழு 100 பவுன் வழங்கியது. மேல்மன்றம் அதனை மறுத்துவிட்டது. ஆபத்தென்று அஞ்சினால் அவ்வேலையைச் செய்ய மறுத்திருக்கலாமே என்பது நீதியரசர் கண்ட நியாயங்களுள் ஒன்று. அன்றாடக் கூலியை நம்பிப் பிழைப்பவன் எப்படி மறுப்பான் என்று அம்மன்றம் எண்ணிப் பார்க்கவில்லை போலும்! உடன் வேலை செய்பவரின் தவற்றால் நேரும் காயத்திற்கு முதலாளி பொறுப்பல்லர் என்னும் கொள்கை இவ்வழக்கிலிருந்தே கிளைத்தது.

1880இல் வந்த சட்டம் சிறிது வழி திறந்தது. ஆயினும், இச்சட்டத்தின் பயன் எனக்கு வேண்டாமெனத் தொழிலாளி முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அது செல்லும் என்று 1882இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் கைம்பெண் தொடுத்த வழக்கில் தீர்ப்பாயிற்று. கையொப்பம் என்னும் வலையில் ஏழை சிக்கிய முதற்காட்சி இதுவெனலாம். 1897இல் ஜோசப் சேம்பர்லினின் முயற்சியால் வந்த சட்டமே திருப்புமுனை. தவறு யாருடையது என்று ஆராயாமல், வேலையில் காயமுற்றவர்க்கு வாரக் கூலியில் பாதிவரை தரவேண்டும் என்றது அது. ஆனால் தரவேண்டியவர் முதலாளி. அவருக்குப் பின்னால் நின்றது காப்புறுதி நிறுவனம். காயமுற்றவர் முன் வந்து அமர்ந்தவரோ அந்நிறுவனத்தின் ஆள். ஒருவருக்குக் காத்திருக்க நேரமுண்டு. மற்றவர் வீட்டிலோ அரிசியில்லை. மொத்தத் தொகைக்கு இசைந்த உடன்பாடுகளை நீதிமன்றத்தில் பதியவேண்டும், தொகை போதாதெனில் பதிவை மறுக்கலாம் என்று 1906ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது இந்த ஏற்றத்தாழ்வை உணர்ந்தே.

இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வகைப் பதிவு முறையை மேற்கொண்டது. அதன் அட்டவணையைப் படிப்பவர் நெஞ்சு கனக்கும். முழங்கைக்கு மேலே வலக்கை போனால் சம்பாதிக்கும் திறனில் 70 விழுக்காடு இழப்பு, இடக்கையாயின் 60. பெருவிரலுக்கு 25, சுட்டுவிரலுக்கு 10, ஏனைய விரல் ஒவ்வொன்றுக்கும் 5. இடக்கையே பழக்கமானவர் கதி என்ன? அதற்கு அட்டவணையில் இடமில்லை.

1942இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை, காயத்தின்மேல் பேரம் நடத்தும் இம்முறையைக் கடுமையாகக் குறைகூறியது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் 1948 சூலையில் நடைமுறைக்கு வந்தபோது, இழப்பீடு வழங்கும் பொறுப்பை அரசின் நிதியமே ஏற்றது. வியப்பு யாதெனில், பிரிட்டன் கைகழுவிய அம்முறையையே நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1952இல், மலாயாவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது! தாய்நாட்டுத் தொழிலாளிக்கு ஆகாதெனத் தள்ளப்பட்டது பால்மரம் வெட்டுபவனுக்குப் போதுமெனக் கருதப்பட்டது. பெரியப்பாவின் குடிசைக்கு வந்த கார் இச்சட்டத்தின் வழியாகத்தான் வந்தது.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொக்சோ 1971இல் செயற்படத் தொடங்கிப் படிப்படியாக விரிந்தது. ஊனத்தின் அளவை மருத்துவ வாரியம் கணிக்க, தொகையை நிதியம் தரலாயிற்று. பெருவிரல் மை தேவைப்படவில்லை. ஆனால் இதற்கும் ஒரு விலையுண்டு. அச்சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, காப்புறுதி பெற்ற தொழிலாளி வேலைக் காயத்திற்காகத் தம் முதலாளிமீது வழக்காட இயலாது. முதலாளியின் பச்சையான அலட்சியத்தால் கையிழந்தவர்க்கும் இதே விதிதான். பேரத்தை ஒழித்தது சரி. நீதிமன்றத்தின் கதவையும் சேர்த்து மூடியது சரியா என்பதில் எனக்கு இன்றும் ஐயமுண்டு. சாலை விபத்தில் மூன்றாம் தரப்பினராகக் காயமுற்றவர்க்கோ பழைய நிலைதான். எதிர்வண்டியின் காப்புறுதி நிறுவனத்தோடு அவரே பேசியாக வேண்டும், அல்லது வழக்காட வேண்டும்.

1993இல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சொக்சோவிலிருந்து விலக்கப்பட்டு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மீண்டும் வைக்கப்பட்டனர். 2019 சனவரி முதல் நாளன்றுதான் அவர்கள் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, அந்தத் தாள் வேறு மொழி பேசும் பெருவிரல்களைத் தேடிச் சென்றது. பெரியப்பாவுக்கு அதன் படியொன்றைக்கூட எவரும் தரவில்லை.