சோல்பரி அரசியல் திட்டமும் மலையகத் தொழிலாளரும்

நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் லயங்களில் வாழ்ந்தோரின் நிலையிலிருந்து நோக்குமிடத்து, 1948 பெப்ரவரி 4ஆந் திகதி சுதந்திரமடைந்த இலங்கையின் முதலாவது அரசியல் திட்டம், சட்ட நூல்கள் காட்டுவதினின்றும் வேறானதொரு தோற்றத்தைத் தருகின்றது. அத்திட்டத்தின் பெருங்குறை, அது கூறியவற்றிலன்றிக் கூறாது விட்டதிலேயே இருந்தது.

அதன் சிறப்புகளை மறுத்தல் நேர்மையாகாது. பகிரங்க சேவைக்கும் நீதிச் சேவைக்கும் தனித்தனி ஆணைக்குழுக்களை அது அமைத்தது. 1956இல் ஆட்சி கைமாறியபோது அது வாக்குச் சீட்டினாலேயே நிகழ்ந்தது. 1962இன் சதி முயற்சி பற்றிய வழக்கிலே, நீதித்துறையின் அதிகாரத்திற் பாராளுமன்றம் தலையிடலாகாதெனக் கோமறைக் கழகம் 1965இல் தீர்த்ததும் இத்திட்டத்தின் அடிப்படையிலேயே.

சிறுபான்மையோர் பெரிதும் நம்பியிருந்தது 29(2)ஆம் பிரிவை. ஏனைய சமூகத்தவர்க்கு இல்லாத தடையையோ இயலாமையையோ ஒரு சமூகத்தவர்மீது விதிக்கும் சட்டம் செல்லாது என்பது அதன் சாரம். ஆனால், இந்நாட்டின் பிரசை யார் என்பதைத் திட்டம் வரையறுக்கவில்லை. அடிப்படை உரிமைகளின் பட்டியலும் அதில் இல்லை. இந்த இடைவெளியினூடாகவே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நுழைந்தது. அரசியல் திட்டத்தைத் திருத்துவதற்கு மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும். இதற்கோ சாதாரண பெரும்பான்மையே போதியதாயிற்று.

அச்சட்டத்தின் வாசகத்தில் எச்சமூகத்தின் பெயரும் இல்லை. இலங்கையிற் பிறந்தவர் வம்சாவழிப் பிரசையாவதற்குத் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என்றது. தோட்டத்திலே பிறந்து தோட்டத்திலே முதுமையெய்திய ஒருவர், தம் பாட்டனின் பிறப்பிற்குச் சான்று எங்கே தேடுவார்? 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பத்தின் மூலம் ஒரு வழியைத் திறந்ததாயினும், விவாகமானோர்க்கு ஏழாண்டும் ஏனையோர்க்குப் பத்தாண்டும் இடையறா வதிவை நிறுவுமாறு கோரியது. அவ்வாண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் பிரசைகளல்லாதோரை வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கியது.

ருவான்வெல்லைத் தொகுதியின் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்கக் கோரிய கோடக்கன் பிள்ளையின் வழக்கு 1953இற் கோமறைக் கழகத்திற்குச் சென்றது. ஓர் அரசு தன் பிரசைகள் யாரெனத் தீர்மானிப்பது இயல்பென்றும், இது மெய்யாகவே பிரசாவுரிமை பற்றிய சட்டமென்றும், விண்ணப்ப வழி திறந்திருந்ததென்றும் கழகம் கூறியது. தர்க்கம் ஒழுங்கானதே, எனினும் விளைவை விடுத்து வாசகத்தை மட்டும் நிறுத்தமையால் 29ஆம் பிரிவு வெற்றுக் கவசமாயிற்று.

இன்னொரு முரண்பாடு போதிய கவனம் பெறவில்லை. 75,000 பேருக்கு ஓர் ஆசனமும், ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனமும் என்ற விதியினாலே 95 ஆசனங்கள் வகுக்கப்பட்டன. குடித்தொகைக் கணக்கிலே பிரசையும் பிரசையல்லாதோரும் சேர்ந்தனர். வாக்குரிமை பறிபோன பின்னரும் தொழிலாளரின் தலைகள் எண்ணப்பட்டன. அத்தலைகளால் மலைநாடு பெற்ற ஆசனங்களை நிரப்புவோரைத் தெரியும் உரிமை எஞ்சிய வாக்காளர்க்கே உரித்தாயிற்று.

1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் சென்றனர், சௌ. தொண்டமானும் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். 1952இல் ஒருவரும் செல்லவில்லை. 1972இன் குடியரசு யாப்பு 29ஆம் பிரிவை அகற்றியது. தொண்டமான் மக்கள் வாக்கினால் மீண்டும் தெரிவு செய்யப்பட்டது 1977இல், நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராகவே.