இருபதாம் பிரிவுக்கு ஓர் உரை

பழைய மைசூர் மாவட்டத்தில் இருந்து 1997-இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குள் போன ஊர் ராமாபுரம். ஹனூர்ப் பக்கத்துக் காட்டோர ஊர். பர்கூர் மலையைத் தாண்டினால் அந்தியூர், தமிழ்நாடு. ராமாபுரத்தில் இருக்கும் ஒரு தாய், அந்தியூரில் கட்டிக்கொடுத்த மகளிடம் கைப்பேசியில் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பேச்சை அரசு எப்போது ஒட்டுக்கேட்கலாம் என்று சொல்வது தொலைத்தொடர்புச் சட்டம், 2023. அதன் 20-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடப்பில் இருக்கிறது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) இதற்கு மூலம். மூச்சு முட்டும் ஒற்றை வாக்கியம் என்பதால் துண்டு துண்டாகவே படிக்க வேண்டும்.

“பொது அவசரநிலை நேரும்போது, அல்லது பொதுப் பாதுகாப்பின் பொருட்டு”

வாக்கியத்தின் உயிர் இங்கேதான். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டால், பின்னால் வரும் அதிகாரம் எதுவும் பிறக்காது. இந்த அதிகாரம் பற்றிய சர்ச்சை பழையது. கர்நாடகத்தில் அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன என்ற புகாரில், முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே 1988 ஆகஸ்டில் பதவி விலகினார். ஒட்டுக்கேட்பு பற்றி மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் இந்தச் சொற்களுக்குப் பொருள் சொன்னது. இரண்டுமே மக்கள் திரளைப் பாதிக்கும் நிலைகள். ரகசியமாக இருக்கக் கூடியவை அல்ல. நியாயமாகப் பார்க்கும் எவர் கண்ணுக்கும் தெரிய வேண்டியவை.

இந்தப் பொருளை அப்படியே பிடித்துக்கொண்டது சென்னை உயர் நீதிமன்றம். லஞ்ச வழக்கு ஒன்றுக்காக 2011-இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்தார். குற்றத்தைத் துப்பறிய ஆணை உதவலாம். ஆனால் அங்கே பொது அவசரநிலையும் இல்லை, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தும் இல்லை. அதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், பெரும் ஊழல் பொருளாதாரத்தையே பாதிக்கும் என்பதால் பொதுப் பாதுகாப்புக்குள் அடங்கும் என்றிருந்தது. சென்னைத் தீர்ப்பே சரி என்று எனக்குப் படுகிறது. பெரிய குற்றம் எல்லாவற்றையும் பொதுப் பாதுகாப்பு என்று விரித்துக்கொண்டே போனால், சட்டம் அந்தச் சொல்லை எழுதியதற்கே வேலை இல்லாமல் போகும்.

“மத்திய அரசோ, மாநில அரசோ, அவை தனியே அதிகாரம் அளித்த அலுவலரோ”

நம் தாயும் மகளும் பேசும் பேச்சு இரண்டு மாநிலங்களைத் தொடுகிறது. தாயின் எண் கர்நாடகத்தில், மகளின் எண் தமிழ்நாட்டில். பெங்களூரில் இருக்கும் உள்துறைச் செயலர், சென்னையில் இருப்பவர், டெல்லியில் இருப்பவர் என மூவரில் யார் ஆணையிட்டாலும் அதே பேச்சு பிடிபடும். நீதிபதி ஒருவரின் முன் அனுமதி இதில் எந்த இடத்திலும் தேவையில்லை.

“காரணங்களை எழுத்தில் பதிந்து”

இறையாண்மை, நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுதலைத் தடுத்தல் எனக் காரணப் பட்டியல் நீளமானது. அதைவிட முக்கியம், எழுதிய காரணத்தை யார் படிக்கிறார்கள் என்பது. செயலர்கள் அடங்கிய ஒரு மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடிப் படிக்க வேண்டும். மத்திய அரசு மட்டுமே மாதம் 7,500 முதல் 9,000 ஆணைகள் பிறப்பித்துவந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழி ஒருமுறை தெரியவந்தது. ஒரு கூட்டத்துக்கு 15,000-க்கும் மேல். இத்தனையையும் மூன்று அதிகாரிகள் படித்து, சரி எது தவறு எது என்று தீர்மானிப்பது நடக்கிற காரியமா? சென்னை வழக்கில் பதிவுகள் அந்தக் குழுவின் முன் வைக்கப்படவே இல்லை.

“வலையமைப்பு வழியே அனுப்பப்படும், பெறப்படும் எந்தச் செய்தியும்”

இங்கே கருவியைத் தெரிந்துகொள்ளாமல் பொருள் விளங்காது. கைப்பேசி குரலை எண்களாக மாற்றி, ரேடியோ அலையில் ஏற்றுகிறது. சிம் அட்டைக்குள் ஒரு ரகசிய எண் இருக்கிறது. அதன் மறுபிரதி சேவை நிறுவனத்திடம் மட்டுமே உண்டு. அந்த எண் காற்றில் பயணிப்பதே இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு சாவி கணக்கிடப்படுகிறது. அந்தச் சாவியால் பூட்டப்பட்ட குரல்தான் கோபுரத்துக்குப் போகிறது. வழியில் ரேடியோவைத் திருப்பிக் கேட்பவருக்கு இரைச்சல்தான் மிஞ்சும்.

2ஜியில் மட்டும் இந்தப் பூட்டு இளைத்தது. அதன் ஏ5/1 முறையை உடைப்பதற்கான அட்டவணைகள் 2009-இலேயே வெளிவந்துவிட்டன. மேலும் 2ஜியில் கைப்பேசி தன்னை நிரூபிக்கும். கோபுரம் தன்னை நிரூபிக்காது. ஆகவே போலிக் கோபுரம் ஒன்றை நிறுத்திக் கைப்பேசிகளை இழுக்க முடியும். 3ஜி முதல் இரு பக்கமும் அடையாளம் காட்ட வேண்டும். மலைச் சரிவில் சிக்னல் மங்கிக் கைப்பேசி 2ஜிக்கு இறங்கும்போது, பழைய ஓட்டையும் கூடவே வந்துவிடும்.

புதிய பூட்டுக்கும் எல்லை உண்டு. 4ஜியில் அது கோபுரத்தோடு முடிகிறது. அதற்கு அப்பால், நிறுவனத்தின் வலைக்குள், பேச்சு நிறுவனத்தால் திறக்கக் கூடியதாகவே போகிறது. ஆணை வந்தால் எடுத்துக்கொடுக்கும் வசதியை வைத்திருப்பது உரிமத்தின் நிபந்தனை. ஆக, சாதாரண அழைப்பு திருடனிடமிருந்து ஓரளவு காக்கப்பட்டது. ஆணையிடமிருந்து அதைக் காப்பவை நாம் மேலே படித்த சொற்கள் மட்டுமே.

“பொருள் விளங்கும் வடிவில் வெளிப்படுத்த”

1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5(2)-இல் இந்தத் தொடர் கிடையாது. 2023-இல் புதிதாகச் சேர்ந்தது. சாதாரண அழைப்பில் இதை நிறைவேற்றுவது எளிது. தாயும் மகளும் வாட்ஸ்அப்பில் பேசினால் நிலைமை வேறு. 2016 முதல் அங்கே சாவிகள் இரு கைப்பேசிகளில் மட்டுமே இருக்கின்றன. நடுவில் இருக்கும் நிறுவனத்திடமே விளங்கும் வடிவம் இல்லை. பூட்டை உடைக்கக் கட்டாயப்படுத்தினால் இந்தியாவை விட்டுப் போவோம் என்று 2024 ஏப்ரலில் வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது, வேறு விதிகள் பற்றிய வழக்கில். ஆனால் பூட்டு இருப்பது வழியில்தான். பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் கைப்பேசிக்குள்ளேயே உட்கார்ந்து, குரல் பூட்டப்படும் முன்பே கேட்டுவிடும்.

இணையவழிச் செய்திகளுக்கு அரசு கையில் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. பூட்டைத் திறந்து தரச் சொல்லும் அதிகாரம் அதிலும் உண்டு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களோடு, எந்தக் குற்றத்தின் விசாரணைக்கும் அதைப் பயன்படுத்தலாம். சென்னை நீதிமன்றம் பிடித்துக்கொண்ட “பொது அவசரநிலை”, “பொதுப் பாதுகாப்பு” என்னும் இரு தொடர்கள் அந்தப் பிரிவில் இல்லை.