சவாய்: குழாயில் வந்த சொகுசு

லண்டன் சவாய் ஹோட்டல் என்றதும் சமையல் மேதை எஸ்காஃபியேயின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் புகழுக்கு அஸ்திவாரம் போட்டவை குழாயும் மின்கம்பியும் என்பது என் கட்சி. நாடக முதலாளி ரிச்சர்ட் டோய்லி கார்ட், பக்கத்திலிருந்த தன் அரங்குக்கு 1881லேயே மின்விளக்கு போட்டவர். 1889இல் ஹோட்டலைத் திறந்தபோது அறைக்கு அறை மின்விளக்கு, ஏறி இறங்க லிஃப்ட், திருகினால் வெந்நீர். மற்ற விடுதிகளில் பணிப்பெண்கள் வெந்நீரைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறிய காலம் அது!

எஸ்காஃபியேயின் பீச் மெல்பா என்ற இனிப்பு பிறந்த இடமாயிற்றே, ருசிக்குப் பங்கில்லையா என்று கேட்கலாம். உண்டுதான். ஆனால் எஸ்காஃபியே வந்தது 1890இல். 1898இல் அவரையும் மேலாளர் ரிட்ஸையும் நிர்வாகம் வெளியேற்றியது. ஹோட்டல் படுத்துவிடவில்லை, சில ஆண்டுகளிலேயே ஸ்ட்ராண்ட் சாலைவரை விரிந்தது.