மினமாற்றா விரிகுடாவும் மீன்வழி வந்த நஞ்சும்

‘கடலிற் கரைத்த பெருங்காயம்’ என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. சிறிய பொருளொன்று பெரும் பரப்பினுட் சென்று சேர்ந்தால் அதன் மணமும் குணமும் இல்லாதொழியும் என்பதே அதன் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் கைத்தொழில் உலகம் தன் கழிவுகளைக் கடலில் விடுத்தபோது இக்கருத்தையே துணையாகக் கொண்டது. பெருங்காயத்திற்குப் பொருந்தும் இவ்விதி எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது என்பதை யப்பான் நாட்டின் மினமாற்றா விரிகுடா உலகிற்கு உணர்த்தியது. கரைந்து மறைந்ததெனக் கருதப்பட்ட நஞ்சு மீனின் உடலில் திரண்டு, மனிதரின் உண்கலத்திற்கு மீண்டு வந்தது. அது மீண்டு வந்த வழியையும், அவ்வழி தெரிந்த பின்னரும் அதனை அடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றமையையும் ஈண்டு ஆராய்வாம்.

மினமாற்றா, கியூசு தீவின் மேற்குக் கரையில், குமாமொற்றோ மாகாணத்தில் உள்ள சிறு நகரம். அதன் முன்னே கிடக்கும் சிரனூயிக் கடல் தீவுகளால் அடைக்கப்பட்டு அமைதியுற்றிருப்பது. அக்கரையின் சிற்றூர்களில் வாழ்ந்தோர்க்கு மீன்பிடித்தலே பிழைப்பு. மீனே நாளாந்த உணவு. 1908இல் மினமாற்றாவில் தொழிற்சாலையொன்று நிறுவப்பட்டது. பின்னாளிற் சிசோ எனப் பெயர் பெற்ற அக்கம்பனி, 1932இல் அசற்றலிடிகைட்டு என்னும் இரசாயனப் பொருளை ஆக்கத் தொடங்கியது. அவ்வாக்கத்திற் பாதரசம் ஊக்கியாகப் பயன்பட்டது. தாக்கம் நிகழும்போது பாதரசத்தின் ஒரு சிறு பகுதி மெதைல் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாறி, கழிவுநீரோடு ஹயக்கன் துறைவழியே விரிகுடாவிற் கலந்தது. 1951இல் ஊக்கியோடு சேர்க்கும் துணைப்பொருள் மாற்றப்பட்டபோது அந்நஞ்சின் அளவு மேலும் பெருகிற்று. எனினும், போருக்குப் பிந்திய யப்பானின் பிளாத்திக்குத் தொழிலுக்கு அவ்வாலையின் பொருள் இன்றியமையாததாயிருந்தது. நகரமும் அதன் வேலைவாய்ப்பையும் வரியையும் நம்பி வாழ்ந்தது.

கடலின் பெருக்கோடு ஒப்பிடின் மிக அற்பமான இந்நஞ்சு எவ்வாறு உயிர்களைக் கொல்லும் அளவிற்குத் திரண்டது? இவ்வினாவிற்கு விடை உணவுச் சங்கிலியில் உள்ளது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் மெதைல் பாதரசத்தை உறிஞ்சுகின்றன. அவற்றைச் சிறு இறால்களும் மீன்குஞ்சுகளும் உண்கின்றன. அவற்றைச் சிறுமீன்களும், சிறுமீன்களைப் பெருமீன்களும் உண்கின்றன. பொதுவாகக் கூறின், ஓருயிரின் உடல் ஒரு பங்கு வளர்வதற்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு இரை வேண்டும். இரையின் பெரும்பகுதி உயிர்ப்பிலும் அசைவிலும் செலவாகிக் கழிய, அதனுள் இருந்த நஞ்சோ உடலிலேயே தங்குகின்றது. தசையின் புரதத்தோடு இறுகப் பிணைதலின் அஃது எளிதில் வெளியேறுவதில்லை, சமைப்பதனாலும் நீங்குவதில்லை. இவ்வாறு படிதோறும் நஞ்சு செறிந்து, இறுதிப் படியில் நிற்கும் பெருமீனிடத்தும் பறவையிடத்தும் பூனையிடத்தும் மனிதனிடத்தும் மிகுகின்றது. மனித உடலிற் புகுந்த மெதைல் பாதரசம் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 70 நாட்கள் செல்லும். நாள்தோறும் அம்மீனை உண்பவன் உடலில், வெளியேறுவதிலும் புகுவது மிகுதியாகி நஞ்சு ஏறிக்கொண்டே போகும். டி. டி. ரி. முதலிய பொருள்கள் புரதத்தில் அன்றிக் கொழுப்பிற் படிவன. எனினும் அவை செறியும் முறையும் இத்தகையதே.

இவ்வுண்மையை முதலில் அறிவித்தவை பூனைகள். 1950ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் மீனவர் குடியிருப்புகளில் இருந்த பூனைகள் தள்ளாடி, சுழன்று ஆடி, கடலில் வீழ்ந்து மடிந்தன. காக்கைகள் பறக்கமாட்டாது நிலத்தில் வீழ்ந்தன. 1956 ஏப்பிரிலில் ஐந்து வயதுச் சிறுமியொருத்தி நடக்கவும் பேசவும் இயலாத நிலையில் ஆலையைச் சேர்ந்த வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். அதே நோயுற்ற வேறு பலரும் அயலில் இருந்தமை தெரியவந்தது. அவ்வைத்தியசாலையின் தலைவரான ஹொசோகாவா, மூளையையும் நரம்பையும் தாக்கும் இனந்தெரியா நோயொன்று பரவியுள்ளதென மே 1ஆம் திகதி சுகாதார அலுவலகத்திற்கு அறிவித்தார். அந்நாளே மினமாற்றா நோய் வெளிப்பட்ட நாளாகக் கொள்ளப்படுகின்றது.

அவ்வாண்டு நவம்பரிலேயே குமாமொற்றோப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவினர், இது தொற்றுநோயன்று என்றும், விரிகுடாவின் மீனையும் சிப்பியையும் உண்டதனால் விளைந்த உலோக நஞ்சேற்றமாதல் கூடும் என்றும் கூறினர். 1957இல் அவ்விரிகுடா மீனை ஊட்டிய பூனைகள் அதே நோயுற்றன. ஆகவே, நஞ்சின் பெயர் தெரியாவிடினும் அதன் வாயில் தெரிந்துவிட்டது. உணவுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் மீன்பிடித்தலைத் தடைசெய்யலாமா என மாகாண அரசு வினவியபோது, விரிகுடாவின் மீன்கள் அனைத்தும் நஞ்சுற்றன என்பதற்குத் தெளிவான சான்று இல்லையாதலின் அச்சட்டம் பொருந்தாதென மத்திய சுகாதார அமைச்சு விடையளித்தது. மீன்கள் ஒவ்வொன்றையும் சோதித்தல் எவர்க்கும் இயலாத செயல். இயலாத சான்றொன்றை வேண்டிநின்றமையால் இயன்ற காவலும் கைவிடப்பட்டது.

1958 செப்டெம்பரில் ஆலை தன் கழிவுநீரை ஹயக்கனிலிருந்து மினமாற்றா ஆற்றின் முகத்துவாரத்திற்குத் திருப்பியது. அதன் பின்னர் விரிகுடாவிற்கு அப்பாலும், சிரனூயிக் கடற்கரை நெடுகிலும் நோயாளர் தோன்றினர். 1959 யூலையில் பல்கலைக்கழகக் குழுவினர் நஞ்சு சேதனப் பாதரசமே என வெளியிட்டனர். ஆலையில் வழங்குவது அசேதனப் பாதரசமே என்று கம்பனி மறுத்தது. கடலில் வீசப்பட்ட போர்க்கால வெடிமருந்தே காரணம் எனக் கைத்தொழிற் சங்கத்தினர் வாதித்தனர். அதே வேளையில் ஹொசோகாவா, அசற்றலிடிகைட்டுப் பிரிவின் கழிவுநீரை உணவிற் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டிவந்தார். 400ஆம் இலக்கமிட்ட அப்பூனை ஒக்டோபரில் நோயுற்றது. அம்முடிபைக் கம்பனி வெளியிடவில்லை. டிசெம்பரில் நீர் சுத்திகரிக்கும் பொறியொன்று ஆரவாரத்தோடு நிறுவப்பட்டது. அதுவோ மெதைல் பாதரசத்தை நீக்க வல்லதன்று. அம்மாத இறுதியில், இறந்தோர் ஒவ்வொருவர்க்கும் 3,00,000 யென் அனுதாபப் பணமாக வழங்க உடன்படிக்கை செய்யப்பட்டது. ஆலையே காரணமெனப் பின்னர் தெரியவந்தாலும் மேலும் ஈடு கோரலாகாது என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. வலையும் வருவாயும் இழந்த குடும்பங்கள் அதற்கு உடன்பட்டன.

இவ்வாறு கழிந்த ஆண்டுகளில் நஞ்சு வாளாவிருக்கவில்லை. மீனை உண்டறியாத குழந்தைகள் பலர் உறுப்புக் குறையோடு பிறந்திருந்தனர். மெதைல் பாதரசம் சூல்வித்தகத்தைக் கடந்து கருவிலுள்ள சிசுவை அடைந்தமையே காரணம் என்பது 1962இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தாயின் உடல் தன் நஞ்சிற் பங்கைச் சேய்க்கு இறக்கியது. உணவுச் சங்கிலியில் மனிதனுக்கு மேலும் ஒரு படி உளதென்பது அப்போதுதான் புலனாயிற்று. 1965இல் நீகாற்றாவில் அகானோ ஆற்றங்கரையில் அதே நோய் இரண்டாம் முறை தோன்றியது. அங்கும் அசற்றலிடிகைட்டு ஆலையொன்று அதே முறையில் இயங்கியிருந்தது. 1968 மே மாதத்தில் மினமாற்றா ஆலை அவ்வாக்கத்தை நிறுத்தியது. செப்டெம்பரில் அரசு ஆலைக் கழிவே காரணமென ஒப்புக்கொண்டது. அம்முறை பயனற்றுப் பழமைப்பட்ட பின்னரே அவ்வுண்மை அரசின் வாய்மொழியாயிற்று என்பது கருதத்தக்கது.

பூனைச் சோதனையைப் பற்றி ஹொசோகாவா 1970இல் மரணப் படுக்கையிலிருந்து சாட்சியமளித்தார். 1973 மார்ச்சு 20ஆம் திகதி குமாமொற்றோ மாவட்ட நீதிமன்றம் கம்பனியைப் பொறுப்பாளியாக்கித் தீர்ப்பு வழங்கியது. 1977 முதல் 1990 வரை விரிகுடாவின் நச்சுச் சேறு அகழப்பட்டு, அதனால் 58 ஹெக்டெயர் நிலம் நிரப்பப்பட்டது. மீன்கள் வெளியேறாதவாறு இடப்பட்ட வலை 1997இல் நீக்கப்பட்டது. 2013இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை மினமாற்றாவின் பெயரையே தாங்கி நிறைவேறியது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் படிப்பினை யாது? சான்று வேண்டுதல் அறிவியலின் கடமை. அதனைக் குறைகூறல் தகாது. எனினும் நஞ்சின் பெயரை அறிதல் வேறு, நஞ்சுள்ள உணவைத் தடுத்தல் வேறு. முன்னதற்கு ஆண்டுகள் வேண்டும். பின்னதற்கு 1956இன் அறிவே போதியதாயிருந்தது. விரைந்து சிதையும் பொருளாயின், ஐயந் தீருமட்டும் காத்திருப்பதால் வருங் கேடு சிறிதாகலாம். சிதையாது செறியும் பொருளிடத்தோ, காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் மீனிலும் தாயிலும் சேயிலும் ஒரு படி ஏறுகின்றது. அவ்விடத்து வாளாவிருத்தலும் ஒரு செயலேயாம். அதன் பயனை அனுபவித்தோர் அதனைச் செய்தோர் அல்லர், சிரனூயிக் கரையின் ஏழை மீனவரே. கடலை நம்பி வாழும் மக்கள் எவரும் இதனை மறத்தலாகாது.