விட்ட மீன் பிழைக்குமா? – ஒரு சின்னக் கருவியின் வரலாறு

தூண்டிலில் மாட்டிய மீனைப் பிடித்தவரே திரும்பக் கடலில் விட்டுவிடுகிறார். பார்ப்பவர்கள், "அப்பாடா, தப்பித்தது" என்று நினைப்பார்கள். உண்மையில் தப்பித்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஒரு நாடு பல ஆண்டுகள் செலவழித்தது. அந்த நாடு அமெரிக்கா. இடம் மெக்சிகோ வளைகுடா. மீன், 'ரெட் ஸ்னாப்பர்'. நம் ஊர் மார்க்கெட்டில் சங்கரா என்று விற்கும் சிவப்பு மீன்களுக்குச் சொந்தக்கார மீன் இது.

பாய்மரக் கப்பல் காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புளோரிடாவின் பென்சகோலா துறைமுகம் இந்த மீனால் பெயர் பெற்றது. பாய்மரக் கப்பல்களில் ஐஸ் ஏற்றிக்கொண்டு போய், கைத்தூண்டில் போட்டுப் பிடித்து வந்தார்கள். ரயிலும் ஐஸும் கைகொடுக்க, மீன் தொலைதூர நகரங்களுக்கும் போனது. அன்று மீனைத் திரும்ப விடுவது என்ற பேச்சே இல்லை. கடல் வற்றாது என்ற நம்பிக்கை!

ஆனால் மீன் குறைந்தது. தூண்டில் மட்டும் காரணம் அல்ல, இறால் வலைகளில் சிக்கிய குஞ்சுகளும் ஏராளம். 1984ல் முதல் மேலாண்மைத் திட்டம் வந்தது. 13 அங்குலத்துக்குக் குறைந்த ஸ்னாப்பரை வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பவர்களுக்கு அந்த அளவு பின்னர் படிப்படியாக 16 அங்குலம் வரை உயர்ந்தது.

கணக்கில் விழுந்த ஓட்டை

சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். சிறிய மீன் வளர்ந்து முட்டையிடட்டும் என்பதே. ஆனால் தூண்டில் முள்ளுக்கு அளவுகோல் தெரியாது. சிறிய மீனும் வந்து மாட்டும். அதைக் கழற்றிக் கடலில் போட வேண்டும். அளவு உயர உயர, விடப்பட்ட மீன்களும் கூடின. விடப்பட்டவற்றில் ஒரு பகுதி செத்து மிதந்தது. கரைக்கு வராத மீன், யாருக்கும் பயன்படாத மீன்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். மீன் வளத்தைக் கணக்கிடுபவர்கள், விடப்பட்டவற்றில் இத்தனை பங்கு செத்திருக்கும் என்று மதிப்பிட்டு, அதையும் செலவுப் பக்கத்தில்தான் எழுதுகிறார்கள். செலவு கூடினால் அடுத்துப் பிடிக்க அனுமதிக்கும் அளவு குறையும். ஆக, அலட்சியமாகத் தூக்கிப் போட்ட ஒவ்வொரு மீனும் மீனவரின் வருமானத்தில் கை வைத்தது.

2008: மூன்று கருவிகள்

2008 ஜூன் 1 முதல், வளைகுடாவின் அமெரிக்கக் கடற்பகுதியில் பாறை மீன்களைப் பிடிக்கும் படகுகளுக்கு மூன்று பொருட்கள் கட்டாயமாயின.

முதலாவது வட்ட முள். இதன் கூர்முனை உள்பக்கமாக வளைந்திருக்கும். அதனால் இது தொண்டைக்குள் குத்தாமல் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பசிபிக் தீவு மக்கள் சிப்பியிலும் எலும்பிலும் செய்து வந்த வடிவம்தான்.

இரண்டாவது முள் கழற்றும் கருவி. பார்த்தால் கைப்பிடி வைத்த ஒரு கம்பி, நுனியில் ஒரு சுருள். அவ்வளவுதான்! சுருளை நரம்பில் மாட்டி, நரம்பு வழியாகவே முள்ளின் வளைவு வரை இறக்க வேண்டும். ஒரு கையால் நரம்பை இறுக்கிப் பிடித்து, மறு கையால் கருவியை அசைத்தால் முள் வந்த வழியே திரும்பிவிடும். நுனி மழுங்கலாக இருக்க வேண்டும், முள்ளின் கூரை மறைத்து அது மறுபடி குத்தாமல் தடுக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதினார்கள்.

இதனால் என்ன லாபம்? மீனைக் கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மீனின் மேலுள்ள வழவழப்புதான் அதற்கு நோய்த்தடுப்புக் கவசம். உலர்ந்த கையோ துணியோ பட்டால் அது உரிந்துபோகும். தண்ணீருக்கு வெளியே இருக்கும் நேரமும் குறைகிறது. முள் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டால் மட்டும், பிடுங்காமல் நரம்பை வெட்டிவிடுவதே மேல்.

மூன்றாவது காற்று இறக்கும் ஊசி. இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

ஊசி போய், எடை வந்தது

40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல் மட்டத்தைப் போல ஏறக்குறைய 5 மடங்கு. அங்கிருந்து வேகமாக மேலே இழுத்தால் மீனின் காற்றுப்பை ஊதிவிடும். வயிறு வாய் வழியே வெளியே தள்ளும், கண் பிதுங்கும். முள்ளை எவ்வளவு அழகாகக் கழற்றினாலும் மீனால் கீழே போக முடியாது. மிதக்கும் மீனைப் பறவையும் டால்பினும் கொத்திக்கொண்டு போகும்.

பக்கத் துடுப்புக்குப் பின்னால் ஊசியைச் செருகிக் காற்றை வெளியேற்றுவதே அன்று சொன்ன தீர்வு. சரியாகச் செய்தால் உதவும். ஆனால் வாயில் தள்ளி நிற்கும் வயிற்றையே காற்றுப்பை என்று நினைத்துக் குத்தியவர்களும் உண்டு. ஊசியால் உண்மையில் எவ்வளவு பலன் என்பதிலும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. கடைசியில் 2013 செப்டம்பரில் ஊசி கட்டாயம் என்ற விதி நீக்கப்பட்டது. முள் கழற்றும் கருவியும் வட்ட முள்ளும் நீடித்தன.

பிறகு வந்தது வேறு யோசனை. மீனைக் குத்தாமல், எடை கட்டிய ஒரு கவ்வியில் தாடையை மாட்டி ஆழத்துக்கே இறக்கிவிடுவது. அழுத்தம் கூடக் கூடக் காற்று தானாகச் சுருங்கும். 2010ல் நடந்த எண்ணெய்க் கசிவு விபத்துக்கான இழப்பீட்டுப் பணத்திலிருந்து, இக்கருவிகளை மீன் பிடிப்பவர்களுக்கு வழங்கிப் பயிற்சி தரும் திட்டமும் உருவானது. 2022 ஜனவரி 13 முதல், ஊசியோ இந்தக் கருவியோ ஏதாவது ஒன்று படகில் தயாராக இருக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கடைசியாக...

1984ல் "சிறிய மீனை விடு" என்று சொல்ல ஒரு வரி போதுமாக இருந்தது. "எப்படி விடுவது" என்று சொல்ல மேலும் 24 ஆண்டுகள் ஆயின. சொன்னதிலும் ஒன்றைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அதில் வெட்கம் இல்லை. தவறான கணக்கை அடித்துவிட்டு மறுபடி போடுவதுதான் நல்ல கணக்குப்பிள்ளைக்கு அழகு.

கையை விட்டுப் போன மீன் எல்லாம் வரவு அல்ல. நீந்திப் போன மீன் மட்டுமே வரவு!